பழி விழும் இடமும் பழுது இருக்கும் இடமும்

வைஃபை சிக்னல் நிறைய இருக்கிறது. கடவுச்சொல்லும் சரி. ஆனாலும் போன் திரையில் "ஐ.பி. முகவரியைப் பெறுகிறது" என்ற வரி அசையாமல் நிற்கிறது. வீரமுனையிலிருந்து சம்மாந்துறை, காரைதீவு வழியாகக் கல்முனைக் கடைத்தெரு வரை, ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளிலும் கடைகளிலும் இந்த வரியைக் காணாதவர் குறைவு. கண்டதும் செய்யும் வைத்தியமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது. அநேகமாகச் சரியாகிவிடும். சில நாளில் திரும்பவும் வரும். அப்போது பழி முழுவதும் முகவரி வழங்கும் ஏற்பாட்டின் மேல் விழுகிறது. அந்தப் பழி பெரும்பாலான வேளைகளில் நியாயமற்றது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வைஃபையில் சேரும் ஒரு கருவி வலையமைப்போடு பேசும் முதற்பேச்சு முகவரி கேட்பதுதான். அதற்கு முன் காற்றிலும் கம்பியிலும் மறைந்திருந்த குறைகள் எல்லாம் அந்த முதற்பேச்சில்தான் வெளிப்படுகின்றன. ஆகவே முகவரி வராததைப் பழுதின் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று தேட வேண்டும்.

முகவரி எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இது விளங்கும். வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். ஆரம்பத்தில் அந்த எண்களை ஆட்கள் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 1985 இல் பில் குரொஃப்ட், ஜோன் கில்மோர் இருவரும் பூட்பி என்ற முறையை எழுதினார்கள். அதில் கருவி கேட்டால் எண் வரும், ஆனால் எந்தக் கருவிக்கு எந்த எண் என்ற பட்டியலை ஒருவர் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்க வேண்டும். பட்டியல் இல்லாமலேயே, வருகிறவருக்கெல்லாம் எண்ணைத் தவணைக்குக் கொடுக்கும் டி.எச்.சி.பி. என்ற முறை 1993 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்து ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய அதன் திருத்திய வடிவம் 1997 மார்ச்சில் வெளியானது. இன்று வீட்டு ரவுட்டர்களில் ஓடுவது அடிப்படையில் அதுதான். புதிதாக வந்த கருவிக்குத் தன் முகவரியும் தெரியாது, கொடுப்பவரின் முகவரியும் தெரியாது. எனவே அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் எல்லோரையும் குறிக்கும் 255.255.255.255 என்றும் போட்டு "யாராவது எனக்கு முகவரி தருவீர்களா" என்று பொதுவில் கூப்பிடுகிறது. ரவுட்டர் "192.168.1.23 இருக்கிறது, வேண்டுமா" என்கிறது. கருவி "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது. ரவுட்டர் "உனக்குத்தான், இவ்வளவு நேரத்துக்கு" என்று முடிக்கிறது. தேடல், முன்மொழிவு, கோரிக்கை, ஒப்புதல் ஆகிய இந்த நான்கு செய்திகளும் எல்லாம் ஒழுங்காக இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

கொடுத்த முகவரி சொந்தமாகிவிடாது. சம்மாந்துறையில் வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் தவணை முடியுமுன்பே காணிக்காரரிடம் பேசி நீடித்துக்கொள்வது போல, கருவியும் தவணையில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கிறது. பதில் இல்லையென்றால் எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் யாரிடமாவது கிடைக்குமா என்று பொதுவில் கேட்கிறது. அதற்கும் பதில் இல்லாமல் தவணை முடிந்தால் முகவரியை விட்டுவிட வேண்டும். முதல் தேடலுக்கே பதில் வராவிட்டால் ஏறத்தாழ 4 விநாடி, 8 விநாடி, 16 விநாடி என்று இடைவெளியை இரட்டித்து மீண்டும் கேட்கும்படி தரநிலை சொல்கிறது. திரையில் வரி நிற்கும்போது நாம் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான். பொறுமையிழந்து வைஃபையை அணைத்துப் போட்டால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. கேட்டுக் களைத்த விண்டோஸ் கணினியும் ஐபோனும் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தாமே சூட்டிக்கொள்ளும். கேட்டேன், எவரும் பதில் சொல்லவில்லை என்று அந்தக் கருவி தரும் வாக்குமூலம் அது. அண்ட்ரொய்ட் போன்கள் பொதுவாக அப்படிச் செய்யாமல் இணைப்பைத் துண்டித்து மீண்டும் முயல்கின்றன.

இந்த ஏற்பாடு கம்பிக்காக எண்ணி வகுக்கப்பட்டது. கம்பியில் பொதுவாகச் சொன்ன செய்தி எல்லோர் காதிலும் விழும் என்று நம்பலாம். காற்றில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. வைஃபையில் ஒரு கருவிக்கென்று தனியே அனுப்பும் செய்தி போய்ச் சேர்ந்ததும் "கிடைத்தது" என்று பதில் வரும். வராவிட்டால் அனுப்பியவர் உடனே திரும்ப அனுப்புவார். எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் செய்திக்கு இந்த ஒப்புகை கிடையாது. ஒரு முறை சொல்லப்படும், கேட்டவர் கேட்டார், அவ்வளவுதான். தூங்கும் போன்கள் விழிக்கும் நேரம் பார்த்துப் பொதுச் செய்திகள் அனுப்பப்படுகின்றன, குறிப்பிட்ட தருணத்தில் போன் விழிக்காவிட்டால் செய்தி போய்விடும். மறையாக்கமும் வேறு: தனிச் செய்திக்கு ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி, பொதுச் செய்திக்கு எல்லோருக்கும் ஒரு பொதுச் சாவி. பொதுச் சாவியைக் கையாளுவதில் கருவியின் மென்பொருள் பிசகினால், தனக்கென்று வரும் செய்தி விளங்கும், பொது அழைப்பு வெறும் இரைச்சலாகிவிடும். போன் எழுப்பும் தேடல் ரவுட்டர் வரை தனிச் செய்தியாகவே போகிறது, ஒப்புகையும் உண்டு. முன்மொழிவும் ஒப்புதலும் திரும்பி வரும்போது, பதிலைப் பொதுவில் சொல் என்று கருவி கேட்டிருந்தால், அவை ஒப்புகை இல்லாத பாதையில் வருகின்றன. பெரிய நிறுவனங்களுக்கான வைஃபைக் கருவிகளில் இந்தப் பதில்களைத் தனிச் செய்தியாக மாற்றி அனுப்பும் வசதி இருப்பதற்குக் காரணம் இதுதான். முகவரி தயாராக இருந்தும் கைக்கு வராமல் போகும் வழி இத்தனை இருக்கும்போது, கொடுப்பவரை மட்டும் குற்றம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

பழைய வைஃபையே இதற்கு நல்ல சான்று. வெப் என்ற முதற்கால மறையாக்கத்தில் வழக்கமான அமைப்பின்படி, தவறான சாவியைப் போட்டாலும் கருவி வலையமைப்பில் சேர்ந்துவிட்டதாகவே காட்டும். சாவி சரியா என்று சேரும்போது எவரும் சோதிப்பதில்லை. அதன்பின் அது அனுப்பும் தேடலை ரவுட்டரால் பிரித்து வாசிக்க முடியாது, பேசாமல் கழித்துவிடும். பயனருக்குத் தெரிவதெல்லாம் 169.254 என்ற எண் மட்டும். கடவுச்சொல்லில் ஓர் எழுத்து மாறியதற்கு முகவரிக் கோளாறு என்று பெயர் வந்த காலம் அது. 2004 இல் வந்த பாதுகாப்புத் தரநிலையோடு, சாவி சரிதானா என்று இரு பக்கமும் முதலிலேயே ஒப்பிட்டுக்கொள்ளும் நடைமுறை நிலைபெற்றது. இன்று அந்த ஒரு குழப்பம் தீர்ந்துவிட்டது, மற்றவை தீரவில்லை.

இரண்டு பல்கலைக்கழகங்களில் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல் ஐபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வைஃபை நிலையங்கள் பல நிமிடங்களுக்குச் செயலிழக்கத் தொடங்கின. பதிவுகளைப் பார்த்தபோது ஐபோன்களிலிருந்து முகவரி விசாரிக்கும் செய்திகள் வெள்ளமாக வருவது தெரிந்தது. விநாடிக்கு 18,000 வரை என்று அப்போது செய்தி வந்தது. உலகமெங்கும் ஐபோன்தான் குற்றவாளி என்று தலைப்புகள் ஓடின. வேறிடத்திலிருந்து வந்து சேரும் போன் தன் பழைய ரவுட்டர் இன்னும் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பது 2006 இல் வெளியான ஒரு தரநிலை அனுமதிக்கும் வழக்கம்தான். சில நாட்களில் பல்கலைக்கழகம், ஆப்பிள், சிஸ்கோ மூவரும் சேர்ந்து ஆராய்ந்தபோது, கோளாறு சிஸ்கோவின் வலையமைப்புக் கருவியில் என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. அத்தகைய விசாரணை ஒன்றைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றுக்கொன்று திருப்பித் திருப்பி அனுப்பிப் பெருக்கியிருந்தன. மூன்று ஆண்டு கழித்து, 2010 ஏப்ரலில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நேர்மாறு நடந்தது. அப்போதுதான் வெளிவந்திருந்த ஐபேட்கள் சில, தவணை முடிந்தபின்பும் புதுப்பிக்காமல் பழைய முகவரியையே பயன்படுத்திக்கொண்டிருந்தன. அதே முகவரி இன்னொருவருக்குப் போனால் இருவருக்கும் தொல்லை. பல்கலைக்கழகம் அத்தகைய கருவிகளைத் தடுத்தது, எந்த வேளையில் தவணை முடிந்தது, அதன்பின் எவ்வளவு நேரம் அந்த முகவரி பயன்பட்டது என்ற விவரத்தை எழுதி வெளியிட்டது. இங்கே குற்றம் கையில் இருந்த கருவியில். டியூக்கில் சந்தேகப்பட்ட கருவி விடுபட்டது, பிரின்ஸ்டனில் சந்தேகப்பட்ட கருவியே பிடிபட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டியது அனுமானமல்ல, வரிவரியான பதிவு. பதிவைப் பார்க்காமல் மீள இயக்கிக்கொண்டே இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் உண்மை வந்திருக்காது.

வளாக வலையமைப்பு நமக்கும் தூரமில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞான பீடம் வீரமுனைக்கு அயலிலுள்ள சம்மாந்துறையில். இப்படிப் பிரிந்திருக்கும் எந்த நிறுவனத்திலும் ஒரு கேள்வி எழும். பொதுவில் கூப்பிடும் தேடல் தன் பிரிவைத் தாண்டிப் போகாது. முகவரி கொடுக்கும் சேவையகம் வேறு இடத்தில் இருந்தால் நடுவில் ஓர் இடைத்தரகர் அந்தக் கூப்பாட்டைக் கேட்டு, கடிதமாக்கி அனுப்ப வேண்டும். அந்த இடைத்தரகரை ஒரு பிரிவுக்கு அமைக்க மறந்தால், அந்தப் பிரிவிலுள்ள அத்தனை பேருக்கும் முகவரி வராது, பக்கத்துக் கட்டடத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு நடத்தும் எடுரோம் சேவையில் இன்னொரு நுட்பம் உண்டு. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவியின் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவளுடைய சொந்தப் பல்கலைக்கழகம், முகவரி தருவது அவள் வந்திருக்கும் வளாகம். கடவுச்சொல் ஏற்கப்பட்டு முகவரி வராமல் நின்றால், முறைப்பாட்டை எந்தப் பல்கலைக்கழகத்திடம் சொல்ல வேண்டும் என்பது அந்த ஒரு தகவலிலேயே தெரிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வருவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது பக்கம் வீடும் வீடும் மதிலோடு மதில் ஒட்டி நிற்கின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு ஒழுங்கையில் பத்து ரவுட்டர் இருந்தால் அத்தனையும் அந்த மூன்றில் நெருக்கிக்கொள்ள வேண்டும், திருப்பி அனுப்ப வழியில்லாத பொதுச் செய்திதான் அந்த நெரிசலில் முதலில் சாகும். அதோடு, போனில் தெரியும் சிக்னல் கோடுகள் ரவுட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. போனின் வலு பொதுவாக ரவுட்டரின் வலுவிலும் குறைவு. கொங்கிரீட் தட்டுக்கு மேலே மாடி அறையில் கோடுகள் நிறைந்திருந்தும் முகவரி வராமல் நிற்பதற்கு இது போதும். அதே போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் முகவரி வந்தால், கோளாறு காற்றில் என்று தீர்மானிக்கலாம். அங்கும் வராமல், மற்ற போன்களுக்கு வந்தால், அந்த ஒரு போனைப் பார்க்க வேண்டும். எவருக்கும் வராவிட்டால்தான் கொடுப்பவரைச் சந்தேகிக்கும் முறை வருகிறது.

அடுத்தது இரண்டு ரவுட்டர் வைத்திருக்கும் வீடும் கடையும். முன்பு வாங்கிய 4ஜி ரவுட்டர் இருக்கிறது, பிறகு ஃபைபர் வந்தது. பழையதை வீசுவானேன் என்று மாடியில் வைத்து, கீழேயுள்ள ரவுட்டரோடு கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். சிக்கனமான, நல்ல யோசனை. ஆனால் பழைய ரவுட்டரிலும் முகவரி கொடுக்கும் வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. இனி ஒரு தேடலுக்கு இருவர் பதில் சொல்கிறார்கள். வழக்கமாக முதலில் வந்த பதிலைப் போன் ஏற்கும். ஃபைபர் ரவுட்டர் 192.168.1 என்ற வரிசையிலும் 4ஜி ரவுட்டர் 192.168.8 என்ற வரிசையிலும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டாவது வரிசை கிடைத்தவர் டேட்டா தீர்ந்துபோன சிம்மின் வழியாக வெளியே போகப் பார்ப்பார். ஒரே மேசையில் இருவரில் ஒருவருக்கு வேலை செய்யும், மற்றவருக்குச் செய்யாது, அரை மணியில் மாறியும் வரும். ஆட்களைப் பைத்தியமாக்கும் இந்தக் கோளாறை மீள இயக்கம் தீர்க்காது, சீட்டைக் குலுக்கி மறுபடி போடும். தீர்வு ஒரு நிமிட வேலை: மாடி ரவுட்டரின் அமைப்புக்குள் போய் முகவரி கொடுப்பதை நிறுத்தி, அதன் சொந்த முகவரியைக் கீழ் ரவுட்டரின் வரிசையில் எவருக்கும் போகாத ஓர் எண்ணுக்கு மாற்றுவது.

மின்வெட்டையும் இதில் சேர்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதில் நாடு முழுவதும் இருண்டது. இப்போது அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் கரண்ட் போய் வருவது நின்றுவிடவில்லை. மலிவான ரவுட்டர்கள் பல, யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பதிவை மின்சாரம் போனால் மறந்துவிடுகின்றன. கடையில் பில் போடும் கணினியும் அதை இணைக்கும் சுவிட்சும் யூபிஎஸ்ஸில், ரவுட்டர் மட்டும் சாதாரண பிளக்கில் என்றால் நடப்பது இது: கணினி எதுவும் அறியாமல் 192.168.1.5 ஐத் தொடர்ந்து வைத்திருக்கிறது. கரண்ட் வந்து எழுந்த ரவுட்டருக்கு அந்த நினைவு இல்லை, முதலில் வந்த போனுக்கு 192.168.1.5 ஐக் கொடுக்கிறது. கொடுக்குமுன் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும்படி தரநிலை பரிந்துரைக்கிறது. ஆனால் அது கட்டாயமில்லை, விண்டோஸின் பாதுகாப்புச் சுவர் அத்தகைய கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாமலும் இருக்கலாம். இங்கே ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டுவது எந்த மென்பொருள் திருத்தத்திலும் மேலான மருந்து.

முகவரி வழங்குபவரே உண்மையில் குற்றவாளியாகும் வேளையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கையிருப்பு தீர்வது அது. ஒரு திருமண மண்டபத்து ரவுட்டரில் 100 முதல் 199 வரை நூறு முகவரிகள், தவணை 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வந்து சாப்பிட்டுப் போன நூறு பேரின் போன்களும் மறுநாள் வரை முகவரியைப் பிடித்து வைத்திருக்கும். பின்னேரம் மண்டபத்துக்குப் புதிதாக முப்பது பேரே வந்தாலும் அவர்களில் ஒருவருக்கும் கொடுக்க ஒன்றுமில்லை. 2019 இல் வந்த அண்ட்ரொய்ட் 10, 2020 இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைந்த வன்பொருள் எண்ணைக் காட்டுகின்றன. தனியுரிமைக்கு அது நல்லது. ஆனால் அந்த எண் மாறும்போது ரவுட்டர் அதைப் புதிய ஆளென்று எண்ணி இன்னொரு முகவரியைக் கொடுத்துவிடும். தவணையை ஒரு மணி நேரமாக்குவதும் கையிருப்பைப் பெருக்குவதும் இதற்கு மருந்து. இங்கேகூட கோளாறு ஏற்பாட்டில் இல்லை, நாலு பேர் வீட்டுக்கென்று வகுத்த அளவை நானூறு பேர் மண்டபத்தில் அப்படியே விட்டதில் இருக்கிறது.

மீள இயக்கினால் சரியாகிறதே, காரணம் தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கலாம். அவசரத்துக்கு அதைச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் மீள இயக்கம் ரவுட்டரின் தவணைப் பட்டியலையும் பதிவுகளையும் அழித்துவிடக்கூடும், மேலே சொன்ன முகவரி மோதலைப் புதிதாக உண்டாக்கவும் கூடும். வேலை செய்வதற்குக் காரணம், அது எந்த நோய் என்று கேட்காமல் எல்லாவற்றையும் கலைத்துப் போடுவதே. இன்னொரு யோசனை, முகவரியைக் கையாலேயே எழுதிவிடலாம் என்பது. பிரின்டருக்கும் சிசிடிவிக்கும் அது பொருத்தம், அதையும் ரவுட்டரின் கையிருப்புக்கு வெளியே உள்ள எண்ணாகக் கொடுக்க வேண்டும். போனுக்கு அப்படிச் செய்தால் காற்றில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும், முகவரி மட்டும் இருப்பதாகத் தெரியும். நோயை விட்டு அடையாளத்தை மறைத்தது போலாகும். ஐ.பி.யின் ஆறாம் பதிப்பு முகவரி முறை பரவினால் இதெல்லாம் போய்விடும் என்பவர்களும் உண்டு. அதில் கருவி தன் முகவரியைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் எந்த வரிசையில் அமைப்பது என்பதை ரவுட்டர் பலருக்குமான அறிவிப்பாகத்தான் வழக்கமாகச் சொல்கிறது, அதுவும் அதே ஒப்புகையற்ற காற்றில்தான் வருகிறது.

கருவிகள் இல்லாத சாதாரண வீட்டுக்காரர் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார் என்ற கேள்விதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. செய்திகளைப் பிடித்து வாசிக்கும் மென்பொருள் எல்லோருக்கும் கைவராது. ஆனால் போனின் வைஃபை விவரப் பக்கத்தில் இரண்டு எண்கள் தெரியும்: தன் முகவரி, வெளியே போகும் வாயிலின் முகவரி. 169.254 என்றால் பதில் வந்து சேரவில்லை. வழக்கத்தில் இல்லாத வரிசையென்றால் வீட்டில் இரண்டாவது ஆள் முகவரி கொடுக்கிறார். வழக்கமான வரிசையும் வாயிலும் இருந்து, அந்த முகவரியை வேறு கருவியும் பிடித்திராமல், இணையம் மட்டும் இல்லையென்றால் முகவரிப் பேச்சு நல்லபடியாக முடிந்துவிட்டது, இணைய நிறுவனத்தை அழைக்கலாம். அடுத்த முறை அந்த வரி திரையில் நின்றால், ரவுட்டரின் பிளக்கில் கை வைக்குமுன் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் ஒரு முறை, இன்னொரு போனில் ஒரு முறை முயன்று பாருங்கள். பழுது பார்க்க வருபவரிடம் "ஐ.பி. வரவில்லை" என்பதோடு நிறுத்தாமல் அந்தப் படத்தையும் காட்டுங்கள்.